பறவையோடு ஊர் திரும்புகிறவர்களுக்கு: எந்தக் கூண்டு?

மாற்றல் உத்தரவு வந்தால் தில்லியில் சாணக்யபுரி, மோதிபாக், ஆர்.கே.புரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பீரோவையும் கட்டிலையும் பேக்கர்களிடம் ஒப்படைத்துவிடுவார்கள். பால்கனியில் கத்திக்கொண்டிருக்கும் பட்ஜிகளையும் காக்கட்டீலையும் அப்படி ஒப்படைக்க முடியாது. பலரும் கடைசி வாரத்தில்தான் கூண்டு தேடுகிறார்கள், கண்ணுக்கு அழகாகத் தெரிவதை வாங்கிவிடுகிறார்கள். எத்தனை மணி நேரப் பயணம், எந்த வண்டியில் என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் எந்தக் கூண்டையும் வாங்கக் கூடாது.

அதற்கும் முன்னால் சட்டம். நேரு பூங்காவில் கூட்டமாகப் பறக்கிற பச்சைக்கிளி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவது. அதை வீட்டில் அடைத்து வைத்திருப்பதே குற்றம் என்பதால் கூண்டுப் பேச்சுக்கே இடமில்லை. பட்ஜி, காக்கட்டீல் வளர்க்கத் தடையில்லை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ், சன் கான்யூர் போன்றவை, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் பட்டியலில் இருப்பதால், 2024-இல் வந்த விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவின் நகல் வழியில் கையோடு இருக்கட்டும்.

வீட்டில் தொங்கும் கம்பிக் கூண்டையே தூக்கிக்கொண்டு கிளம்புவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். நான் வேண்டாம் என்பேன். வண்டி சட்டென்று பிரேக் போட்டால் பறவை எதிர்ப்பக்கக் கம்பியில் போய் மோதும். கூண்டு பெரிதாக இருக்க இருக்க மோதும் வேகமும் கூடும். நாலு பக்கமும் திறந்திருப்பதால் கடந்து போகும் ஒவ்வொரு லாரியும் அதற்குப் பருந்துதான். விலை மலிந்த கம்பிகளில் துத்தநாகப் பூச்சு இருக்கும். பயத்தில் கம்பியைக் கடித்துக்கொண்டே வரும் கிளிக்கு அது விஷம்.

காரில் போகிறவர்களுக்கு என் முதல் தேர்வு, பூனைக்கென்று விற்கும் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி. மூன்று பக்கம் மூடி, முன்னால் மட்டும் கம்பிக் கதவு உள்ளது. பறவைக்கு ஒளிய இடமும் கிடைக்கும், எட்டிப் பார்க்க ஒரு ஜன்னலும் கிடைக்கும். உள்ளே தரையிலிருந்து சில அங்குல உயரத்தில், வால் தட்டாதபடி, மரக்குச்சி ஒன்றைக் குறுக்கே திருகிவிடுங்கள். குலுங்கி விழுந்தாலும் அடிபடாது. தரையில் பழைய செய்தித்தாள் போதும். பெட்டியைப் பின்சீட்டில் வைத்து பெல்ட் போட்டுவிட வேண்டும். முன்சீட்டில் வைத்தால் ஏர்பேக் விரியும்போது ஆபத்து. காக்கட்டீலுக்கு மட்டும் ஒரு கவனம்: கும்மிருட்டில் திடீரென மிரண்டு சிறகடித்துக் காயப்படுத்திக்கொள்ளும் இனம் அது. இரவில் சின்ன விளக்கு ஒன்று எரியட்டும்.

சாம்பல் கிளியின் அலகு பல மணி நேரத்தில் பிளாஸ்டிக்கையும் குடைந்துவிடும். அதற்கு மடக்கி வைக்கக்கூடிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பயணக் கூண்டுதான் சரி. மூன்று பக்கம் துணி போர்த்திவிடுங்கள். கம்பி இடைவெளியைப் பார்த்து வாங்குவது முக்கியம்: பட்ஜிக்கு அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, போனால் தலை மாட்டிக்கொள்ளும்.

இப்போது எங்கும் தென்படும், கண்ணாடி போன்ற முன்பக்கம் கொண்ட முதுகுப்பை எனக்குப் பிடிக்கவே இல்லை. பறவைக்கு வியர்க்காது; வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். தில்லியின் மே மாத வெயிலில் அந்தப் பைக்குள் சூடு எவ்வளவு சீக்கிரம் ஏறும் என்று யோசித்துப் பாருங்கள். துணிப்பை பட்ஜிக்கும் ஃபிஞ்சுக்கும் கொஞ்ச தூரத்துக்குச் சரி. சாந்தினி சௌக்கில் ஜைன லால் மந்திரையொட்டி இயங்கும் பறவை மருத்துவமனைக்குப் போய்வர, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டிகூடப் போதும். மெட்ரோவில் பறவைக்கு அனுமதியில்லை, ஆட்டோதான் பிடிக்க வேண்டும்.

விமானம் என்றால் கூண்டுக்கு முன்பே டிக்கெட் விஷயம் முடிவாக வேண்டும். இண்டிகோ சேவை நாய்களைத் தவிர வேறு பிராணிகளை ஏற்பதில்லை, ஆகாசாவில் நாயும் பூனையும் மட்டும். ஏற்கிற நிறுவனம் கிடைத்தால், சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் உயிருள்ள பிராணிகளுக்கான விதிகளைக் கேட்பார்கள். கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து தீனியும் தண்ணீரும் நிரப்ப முடிய வேண்டும். எச்சம் தீனியில் விழாதபடி குச்சி அமைந்திருக்க வேண்டும். இதற்கென்று பெட்டி செய்துகொள்வதே நல்லது.

ரயிலைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சென்னை சேர ஏறக்குறைய 33 மணி நேரம், சுமார் 2,180 கிலோமீட்டர். ஜனவரிப் பனிமூட்டத்தில் இன்னும் நீளும். சின்னப் பறவை ஒரு நாள் சரியாகத் தின்னாமல் இருந்தாலே உயிருக்கு ஆபத்து. பார்சல் அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். பிரேக் வேனில் தனியாகத்தான் அனுப்ப வேண்டும் என்றால் அனுப்பாதீர்கள். கூடவே வர முடிந்தால் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பதில் வெள்ளரித் துண்டு, தினைக் கதிர் வையுங்கள். சிந்தாது, தாகமும் பசியும் இரண்டும் தீரும். வண்டி நிற்கும் பெரிய நிலையங்களில் தண்ணீர் காட்டலாம்.

எந்தப் பெட்டியானாலும் இரண்டு வாரம் முன்பே வீட்டுக் கூண்டுக்குப் பக்கத்தில் திறந்து வையுங்கள். உள்ளே போய்த் தின்னப் பழகட்டும். பயணப் பெட்டி சின்னதாக இருப்பது பாதுகாப்புக்காக மட்டுமே. பறவைக்கு வானில் பறக்கும் உரிமை உண்டென்று தில்லி உயர் நீதிமன்றம் 2015-இல் சொல்லியிருக்கிறது. ஊர் சேர்ந்த அன்றே சிறகை விரிக்க இடம் கொடுத்துவிட வேண்டும்.

ஃபிஞ்சுகள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவை கையில் பழகாதவை, சத்தத்துக்கே நடுங்குபவை. சென்னைவரை இழுத்துக்கொண்டு போவதைவிட, தில்லியிலேயே பெரிய கூண்டு உள்ள, தெரிந்த குடும்பத்திடம் ஜோடி பிரியாமல் விட்டுவிடுங்கள்.