கட்டளையும் இலக்கணமும்

கணினியைப் பற்றித் தமிழாசிரியன் எழுதுவது என்னை என வினவுவார் உளர். வினா நியாயமானதே. கணினியின் உள்ளுறுப்புக்களைப் பற்றியும் அவற்றுள் ஓடும் மின்னைப் பற்றியும் எழுதுதற்கு விஞ்ஞான ஆசிரியர்கள் இருக்கின்றனர். ஆயினும் கணினியோடு பேசுதற்கு ஒரு மொழி உண்டு. அம்மொழியிற் சொற்கள் உள. சொற்கள் நிற்கும் முறைக்கு விதிகள் உள. விதி தவறினாற் பொருள் திரியும். இவையெல்லாம் இலக்கண வகுப்பிற் பழகிய செய்திகளே. திறந்த மூலப் பணிசெயல் முறைமையைப் புதிதாகப் பயிலப் புகும் இளமாணாக்கன் இடறும் இடங்களைக் கூர்ந்து நோக்கின், அவற்றுட் பெரும்பாலன வாசிப்பில் நேர்ந்த இடறல்களாகவே இருக்கக் காணலாம். எழுதியிருப்பதை நின்று வாசிக்க அவன் பழகவில்லை. அப்பழக்கத்தை ஊட்டுமாறு எவ்வாறு என்பதே இங்கு ஆராயப்படுவது.

பணிசெயல் முறைமை என்பது கணினியின் வன்பொருளுக்கும் நாம் கையாளும் செய்நிரல்களுக்கும் நடுவே நின்று, நினைவகம், வட்டு, விசைப்பலகை, திரை முதலியவற்றை முறையாகப் பங்கிட்டு நடத்தும் மென்பொருள். மனிதர் அதனை எழுதும்பொழுது தாம் வாசிக்கத்தக்க சொற்களாலேயே எழுதுவர். அதுவே மூலநிரல். பின்னர் அது யந்திரம் ஏற்கும் எண் வடிவுக்கு மாற்றப்படும். எண் வடிவை மாத்திரம் விற்று மூலத்தை மறைத்து வைத்தல் சில நிறுவனங்களின் வழக்கம். மூலத்தையும் உடன் வெளியிட்டு, அதனை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம் என உரிமை கொடுப்பது திறந்த மூலம். மூலபாடத்தோடு கூடிய பதிப்பிற்கும் கதைச்சுருக்கத்தை மாத்திரம் தரும் பதிப்பிற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த மாணாக்கனுக்கு இதனை நெடிது விளக்க வேண்டா.

இதன் வரலாறு சுருங்கச் சொல்லத்தக்கது. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி என்பார் யுனிக்ஸ் என்னும் முறைமையைத் தொடங்கினர். அதனைப் போன்றதாய், ஆனால் எவரும் உரிமையோடு கையாளத்தக்கதாய் ஒன்றை ஆக்கப் போவதாக 1983 செப்ரெம்பரில் றிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்தார். குனூ என்பது அத்திட்டத்தின் பெயர். பல உறுப்புக்கள் ஆயத்தமாயின. கரு எனப்படும் நடுப்பகுதி மாத்திரம் நிறைவுறாதிருந்தது. 1991 ஓகஸ்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராகிய லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக எழுதிவரும் ஒரு முறைமையைப் பற்றி அறிவித்தார். அப்பொழுது அவர்க்கு வயது 21. அடுத்த ஆண்டில் அவர் எழுதிய கரு குனூவின் பொது உரிமத்தின்கீழ் வந்தது. அதுவே லினக்ஸ். இன்று அன்ட்ராய்ட் கைபேசிகளின் கருவும் அதுவே. உலகின் அதிவேகக் கணினிகள் 500இன் பட்டியலில் 2017 நவம்பர் முதல் லினக்ஸ் அல்லாத முறைமை இடம்பெற்றதில்லை. ஆகவே, லினக்ஸை யான் கண்டதேயில்லை என்று கூறும் மாணாக்கனின் சட்டைப்பையிலேயே அது கிடத்தல் கூடும்.

ஆங்கிலத்தில் விலையின்மையையும் கட்டின்மையையும் ஒரே சொல் குறிப்பதால், அம்மொழியார் இம்மென்பொருளை விளக்கும்போதெல்லாம் பெரிதும் இடர்ப்படுவர். தமிழுக்கு அவ்விடர் இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. குனூவின் உரிமம் மென்பொருளை விலைக்கு விற்பதைத் தடுப்பதில்லை. பெற்றவனிடமிருந்து மூலத்தை மறைப்பதையே தடுக்கின்றது. ஆயினும் எங்கள் மாணாக்கர் பலர்க்கு விலையின்மையும் பெரிய செய்தியே என்பதை மறைத்தல் நேர்மையாகாது. வின்டோஸ் 10 என்னும் முறைமைக்கு அதன் நிறுவனம் அளித்துவந்த பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. அடுத்ததாகிய வின்டோஸ் 11, 2017க்கு முன் செய்யப்பட்ட கணினிகளிற் பெரும்பாலானவற்றை முறைப்படி ஏற்பதில்லை. பழைய மாணவர்கள் அன்பளிப்பாக அனுப்பும் கணினிகளுட் பல இவ்வகையின. அவற்றை மூலையிற் குவித்து வைப்பதற்கு முன், லினக்ஸ் மின்ட் போன்றதொரு வழங்கலை இட்டுப் பார்த்தல் நன்று. அதற்கு 64 பிற் செயலியும் 2 கிகாபைற் நினைவகமும் வட்டில் 20 கிகாபைற் இடமும் இருந்தாற் போதும். நினைவகம் 4 ஆயின் வேலை இலகுவாக நடக்கும். வட்டிலே நிறுவாமலே, ஒரு பென் ட்ரைவிலிருந்து இயக்கிச் சோதித்துப் பார்த்தலும் இயலும். கணினியிலுள்ள பழைய கோப்புக்களுக்கு இதனால் ஊறு நேராது. நிறுவத் துணிந்த பின்னரோ, முதலிற் கோப்புக்களை வேறிடத்திற் படியெடுத்து வைத்தல் கட்டாயம்.

நிற்க. முதல் இரண்டு வாரம் மாணாக்கன் எல்லோரையும் போலச் சுட்டியைக் கொண்டே பழகட்டும். லிப்ரே ஒபிஸில் ஒரு கட்டுரை எழுதட்டும், படம் பார்க்கட்டும், தமிழ் எழுதும் முறையை அமைக்கட்டும். நம் நாட்டில் வழங்கும் றெங்கநாதன் விசைப்பலகை அமைப்பு லினக்ஸிலும் உண்டு. கறுத்த சாளரத்தைத் திறந்து காட்டி முதல் நாளிலேயே அச்சுறுத்துவது நல்லாசிரியர் செயலன்று. ஆனால் மூன்றாம் வாரத்தில் அதனைத் திறக்கத்தான் வேண்டும். முனையம் எனப்படும் அச்சாளரத்திலேதான் இலக்கணம் தொடங்குகின்றது.

முனையத்தில் எழுதப்படும் ஒவ்வொன்றும் ஏவற்றொடர். முதற்சொல் ஏவல்வினை. நீ என்னும் முன்னிலை தோன்றா எழுவாயாய் நிற்கும். வினையை அடுத்து அதனை விசேடிக்கும் அடைகள் வரும். அவை சிறு கோட்டோடு தொடங்கும். அதன்பின் செயப்படுபொருள். ‘எல்எஸ்’ என்னும் ஈரெழுத்துச் சொல் பட்டியலிடு என்பது. அதனோடு ‘எல்’ என்னும் அடையைச் சேர்த்தால் விரிவாகப் பட்டியலிடு என்றாகும். இதுவரை எவர்க்கும் இடர் இல்லை. இடர் செயப்படுபொருள் இரண்டாகும்போது எழும்.

‘சீபீ’ என்பது படியெடு என்னும் வினை. தமிழிலே, ‘பழையதைப் புதியதற்குப் படியெடு’ எனலாம். ‘புதியதற்குப் பழையதைப் படியெடு’ எனவும் சொல்லலாம். பொருள் மாறாது. ஐயுருபும் குவ்வுருபும் சொற்களோடு ஒட்டி நின்று அவற்றைக் காப்பாற்றுகின்றன. கட்டளை மொழிக்கு வேற்றுமையுருபு இல்லை. வினையை அடுத்து முதலில் நிற்பது இரண்டாம் வேற்றுமை, அதன்பின் நிற்பது நான்காம் வேற்றுமை, இடமே உருபு. இடம் மாறினால் வேற்றுமையும் மாறும். ஒரு மாணாக்கன் மூன்று நாள் திருத்திய கட்டுரை கணினியில் இருக்கின்றது. திருத்தாத பழைய படி பென் ட்ரைவில் இருக்கின்றது. திருத்தியதைப் பென் ட்ரைவிற்குப் படியெடுக்கக் கருதியவன் பெயர்களை மாற்றி எழுதிவிட்டால், பழையது வந்து புதியதன்மேல் அமர்ந்துகொள்ளும். மூன்று நாள் உழைப்பு ஒரு நொடியிற் போய்விடும். கணினி ஒரு வார்த்தை கேளாது. இட்ட ஏவலைச் செய்துவிட்டு வாளாவிருக்கும். ‘ஐ’ என்னும் ஆங்கில எழுத்தை அடையாகச் சேர்த்திருப்பின், மேலெழுதவா என்று ஒருமுறை வினவியிருக்கும்; தொடக்க மாணாக்கன் அதனைச் சேர்த்தே எழுதுதல் வேண்டும். அதனினும் நன்று, விசையை அழுத்துமுன் ‘இதனை, இதற்கு’ என வேற்றுமையை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது. சிறுபிள்ளைத்தனம் என்று நகைப்பார் நகைக்கட்டும்.

‘எம்வீ’ என்பது நகர்த்து என்னும் வினை. பெயர் மாற்றுதற்கும் இவ்வினையே வரும். ஒரு வினைக்கு இரு பொருளா என மயங்க வேண்டா. இம்முறைமையிற் கோப்பின் பெயர் என்பது, வேரிலிருந்து கிளைத்த கோப்புறை மரத்தில் அக்கோப்பு தொங்கும் இடத்தின் முகவரியே. முகவரி மாறுவதும் இடம் மாறுவதும் இங்கு ஒன்றே. ‘ஆர்எம்’ என்பது நீக்கு என்பது. இவ்வாறு நீக்கியது குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை, போனது போனதே.

எழுத்துப் பிழையைப் பற்றியும் ஒரு சொல். லினக்ஸ் ஆங்கிலப் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் வெவ்வேறாகவே கொள்ளும். பேரெழுத்தில் தொடங்கிய கோப்பைச் சிற்றெழுத்தால் அழைத்தால் அது வாராது. பேரெழுத்து வழக்கே இல்லாத தமிழ்ப் பிள்ளைக்கு இது வீண் பிடிவாதமாகத் தோன்றும். அரமும் அறமும் ஒன்றா என்று கேட்டால் உடனே விளங்கிக்கொள்வான். சொற்களுக்கிடையே விடும் வெளியும் அத்தகையதே. ‘என் கட்டுரை’ என ஒரு கோப்புக்குப் பெயரிட்டு அவ்வாறே அழைத்தால், என் என ஒரு கோப்பும் கட்டுரை என இன்னொரு கோப்பும் கணினி தேடப் புகும். இரண்டும் ஒரு பெயரே என்று காட்ட மேற்கோட் குறிக்குள் அடைத்தல் வேண்டும். கோப்புக்குத் தமிழ்ப் பெயர் இடலாமா என்று கேட்பின், தாராளமாக இடலாம்.

இனி, மாணாக்கர் பெரிதும் அஞ்சும் பகுதிக்கு வருவோம். கட்டளை தவறினாற் கணினி ஒரு வரி எழுதிக் காட்டும். அதனைக் கண்டவுடன் சாளரத்தை மூடிவிட்டு ஆசிரியரைத் தேடி ஓடுதல் பெருவழக்கு. அந்த ஒரு வரி பெரும்பாலும் முக்காற் புள்ளியாற் பிரிக்கப்பட்ட மூன்று துண்டு உடையது. முதல் துண்டு யார் சொல்கின்றார் என்பது. இரண்டாவது எதனைப் பற்றி என்பது. மூன்றாவது என்ன குறை என்பது. குறைகளும் எண்ணற்றனவல்ல. ‘கட்டளை காணப்படவில்லை’ எனின் வினைச்சொல்லிற் பிழை, அல்லது அவ்வினைக்குரிய செய்நிரல் இன்னும் நிறுவப்படவில்லை. ‘அத்தகைய கோப்போ கோப்புறையோ இல்லை’ எனின் வினை சரி, செயப்படுபொருளிற் பிழை. ‘அனுமதி மறுக்கப்பட்டது’ எனின் வினையும் பொருளும் சரி. ஏவியவனுக்கு அதிகாரம் இல்லை. இம்மூன்றையும் பிரித்தறியத் தெரிந்தவன் தொடக்க இடர்களிற் பெரும்பகுதியைத் தானே தீர்த்துக்கொள்வான். பிழை காட்டும் வரியை ஏட்டில் எழுதி, அதன் கீழ்த் தமிழிற் பொருள் எழுதி வருதல் நல்ல பயிற்சி. அவ்வரி ஆங்கிலத்தில் இருப்பதால், ஆங்கில வாசிப்பும் உடன் வளரும்.

அதிகாரத்தைப் பற்றிய செய்தி எச்சரிக்கைக்குரியது. ஒவ்வொரு கோப்புக்கும் உரியவர், குழுவினர், ஏனையோர் என்னும் மூவகையார்க்கும் வாசித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் மூன்று உரிமைகள் வகுக்கப்பட்டிருக்கும். இவற்றுக்கு முறையே 4, 2, 1 என மதிப்பிட்டுக் கூட்டுவர். 640 எனின் உரியவர் வாசிக்கவும் எழுதவும் ஆம். குழுவினர் வாசிக்க மாத்திரம் ஆம். ஏனையோர்க்கு ஒன்றும் இன்று. இவ்வேலிகளையெல்லாம் தாண்டவல்ல ஒரு தலைமைப் பயனர் உண்டு. ‘சூடூ’ என்னும் சொல்லை முன்னே இட்டால், அந்த ஒரு கட்டளை அவருடைய அதிகாரத்தோடு நடைபெறும். அனுமதி மறுக்கப்பட்டதும், ஏன் மறுக்கப்பட்டது என எண்ணாது இச்சொல்லை முன்னிட்டு எழுதும் பழக்கம் இளைஞரிடம் விரைவிற் பரவும். எழுதிய கடிதத்தை வாசியாமலே அதிபரின் முத்திரையைக் குத்துவதற்கு இஃது ஒப்பாகும். எங்கோ கண்ட கட்டளையைப் பொருள் அறியாது படியெடுத்து, இச்சொல்லையும் சேர்த்து இயக்குதல் இன்னும் கொடிது.

பொருள் அறிவது எங்ஙனம்? ‘மான்’ என எழுதி, அடுத்து அறியவேண்டிய கட்டளையை எழுதினால், அதன் கைந்நூற் பக்கம் திரையில் விரியும். அப்பக்கத்தின் தொடக்கத்திலே ஒரு சுருக்க வரி இருக்கும். கீழே விரிவு இருக்கும். முன்னது சூத்திரம், பின்னது உரை. சூத்திரத்திற் சதுர அடைப்புக்குள் நிற்பது இருந்தாலும் அமையும், இல்லாவிடினும் அமையும். மூன்று புள்ளி தொடர்ந்தால், அதற்கு முன் நின்றது பலமுறை வரலாம். அடைப்பின்றி நிற்பது வந்தே தீரவேண்டும். இவ்வளவே அச்சூத்திரங்களை வாசிக்கும் திறவுகோல். இலக்கண நூலை உரையோடு வாசித்துப் பழகிய பிள்ளைக்கு இது புதிதன்று. மனனம் செய்யத் தேவையுமில்லை. எங்கே பார்ப்பது என்று தெரிந்தாற் போதும்.

லினக்ஸைப் பயிலத் தொடங்கினார்க்குத் தமிழ் பற்றிய இடர் ஒன்றும் நேரும். பழைய மலர்களுக்காகவும் வினாத்தாள்களுக்காகவும் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை நம் பாடசாலைகளில் ஏராளம். அவற்றுள் உண்மையிற் சேமிக்கப்பட்டிருப்பன ஆங்கில எழுத்துக்களே. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேடம் இட்டிருக்கின்றது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்து, பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள் தோன்றும். இது லினக்ஸின் குறையென்று பழிப்பர். எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும் இதுவே நிகழும். யுனிகோட் தரத்தின் முதற் பதிப்பு வெளிவந்த 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு அதில் இடம் கிடைத்துவிட்டது. பழைய கோப்புக்களை அவ்வடிவுக்கு மாற்றி வைத்தல், கணினிக் கழக மாணாக்கர் ஒரு தவணைக்குள் தொடங்கத்தக்க நற்பணி.

வேறொரு பணியும் உண்டு. அது தமிழ் வகுப்பிற்கே உரியது. திறந்த மூலச் செய்நிரல்களின் பட்டிகளும் பிழைவரிகளும் தன்னார்வலரால் மொழிபெயர்க்கப்படுவன. மூலம் திறந்திருப்பதால் மொழிபெயர்ப்பும் திறந்திருக்கின்றது. நாம் பணிசெயல் முறைமை என்பதைத் தமிழ்நாட்டார் இயக்கமுறைமை என்பர். இத்தகைய வேறுபாடுகளை ஆராய்ந்து பொருந்திய சொல்லைத் தெரிதல் வேண்டும். சில மொழிபெயர்ப்புக்கள் வினைச்சொல்லாக வரவேண்டிய இடத்திற் பெயர்ச்சொல்லை நிறுத்திப் பயனரை மயக்குகின்றன. இவற்றைத் திருத்துதற்கு நிரலெழுதத் தெரிய வேண்டா; ஏவலையும் தொழிற்பெயரையும் வேறுபடுத்தத் தெரிந்தாற் போதும். மொழிபெயர்ப்புக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பே. அதில் ஓர் ஆங்கில வரி. அதன் கீழே தமிழ் வரி. பல செய்நிரல்களில் அத்தமிழ் வரி இன்னும் வெறுமையாகவே கிடக்கின்றது.