எங்கள் வீட்டுப் பனை யாருக்குச் சொந்தம்?

(இரண்டாம் ஆண்டு, இளநிலை அறிவியல் – தாவரவியல்)

உவரிக் கடற்கரையிலிருந்து திசையன்விளைப் பக்கம் போகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது பனைமரமே. எங்கள் வீட்டுப் பின்புறத்திலும் இரண்டு பனைகள் நிற்கின்றன. சென்ற ஆண்டு ஓர் அறை கூட்டிக் கட்ட வாங்கயிறு பிடித்தபோது, ஒரு பனை அஸ்திவாரக் கோட்டிலேயே நின்றது. செங்கல் சூளைக்கு மரம் வாங்குகிறவர் வந்து விலையும் பேசிவிட்டார்.

“அனுமதி வாங்க வேண்டும் அப்பா” என்றேன்.

“நம்ம மனை, நம்ம மரம். யாரைக் கேக்கணும்?” என்றார் அப்பா.

அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

சட்டம் சொல்வது என்ன?

தனியார் நிலத்து மரத்திலும் அரசு தலையிடலாம் என்பது புதிய கருத்தன்று. தமிழ்நாட்டு மலைப்பகுதிகளுக்கென 1955-ஆம் ஆண்டிலேயே மரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அங்கே சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் குழுவின் அனுமதி தேவை. மகாராஷ்டிர நகரங்களுக்கு 1975-லும், கர்நாடகத்திற்கு 1976-லும், டெல்லிக்கு 1994-லும் இத்தகைய சட்டங்கள் வந்தன. இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றம் ஆணையிட்டுவிட்டால், வீட்டுத் தோட்டத்து மரத்தின் கிளையைக்கூட அனுமதியின்றி வெட்ட இயலாது.

உவரி மலைப்பகுதி அன்று. ஆகவே 1955-ஆம் ஆண்டுச் சட்டம் எங்களைத் தொடாது. ஆனால் பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021 ஆகஸ்ட்டில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டது. 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் வழங்கும் திட்டமும் அதில் இடம்பெற்றது. 2025-இல் இதற்கான அரசாணை வந்தது. தவிர்க்க முடியாமல் ஒரு பனையை வெட்ட நேர்ந்தால், ஈடாகப் பத்துக் கன்றுகள் நட வேண்டும்.

தாவரவியல் சொல்வது என்ன?

பத்துக் கன்று ஒரு மரத்திற்கு ஈடாகுமா? வேம்பையும் பூவரசையும் வெட்டினால் அடிமரம் மீண்டும் துளிர்க்கும். பனையோ ஒருவித்திலைத் தாவரம். உச்சியில் உள்ள ஒற்றைக் குருத்தே அதன் உயிர். குருத்துப் போனால் மரம் போயிற்று. முளைக்கும்போது வித்திலைக் காம்பு மண்ணுக்குள் ஆழமாக இறங்கி அங்கேதான் கிழங்கு வைக்கிறது. ஆதலால் கன்றைப் பிடுங்கி வேறிடத்தில் நடுவதும் எளிதன்று. பாளை விடச் சுமார் பதினைந்து ஆண்டுகள் ஆகலாம். அதுவரை ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. இன்று நடும் கன்றில் பதநீர் இறக்கும்போது எனக்கு வயது முப்பத்தைந்து ஆகியிருக்கும்! பத்துக் கன்றும் பிழைத்தாலும் இடைப்பட்ட ஆண்டுகளை யாரும் திருப்பித் தர முடியாது. கடற்கரை மணலைத் தன் சல்லி வேர்களால் பிடித்து நிறுத்தும் பணியும் அதுவரை நின்றுபோகும்.

நீதி எது?

எனினும் அப்பாவின் கேள்வியை ஒதுக்கிவிடலாகாது. இரண்டு சென்ட் மனையில் வாழ்பவருக்கும் இருபது ஏக்கர் உடையவருக்கும் விதி ஒன்றே. ஆனால் அதன் பாரம் ஒன்றன்று. தாத்தா பனையேறிய காலத்தில் இந்த மரங்கள் சோறு போட்டன. பதநீர், கருப்பட்டி, நுங்கு, கிழங்கு, ஓலை என அன்று வீட்டுக்கு வருவாய் இருந்தது. வெட்டாதே என்று எவரும் விதி சொல்ல வேண்டியிருக்கவில்லை. இன்று ஏற ஆளில்லை. பயன் தராத மரம் உடையவர் கண்ணுக்கு விறகாகவே தெரியும். ஆகவே வெட்டத் தடை போடுவதோடு பனையேறிக்குப் பாதுகாப்பும், கருப்பட்டிக்கு நியாய விலையும் வேண்டும். விண்ணப்பம் எழுதத் தெரியாதவருக்கு வழிகாட்ட ஆளும் வேண்டும். இவை இல்லையேல் விதி ஏட்டில் வாழும். மரம் சூளைக்குப் போகும்.

இதையெல்லாம் ஓர் இரவு அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கொத்தனாரிடம் வாங்கயிற்றை நான்கு அடி தள்ளிப் பிடிக்கச் சொன்னார். அறை சிறுத்துவிட்டது, கட்டில் போட்டால் மேசைக்கு இடமில்லை. இக்கட்டுரையைத் திண்ணையில் அமர்ந்துதான் எழுதினேன்.

பட்டா எங்கள் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அந்த நிழலும், அது பிடித்து நிறுத்தும் மண்ணும் ஊருக்கே சொந்தம் என்பது என் முடிவு. மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டு மரத்தில் கோடரி விழுமுன், விதியை நீங்களே படித்து வீட்டாருக்கு எடுத்துச் சொல்லுங்கள். நாம் கற்ற கல்வி முதலில் பயன்பட வேண்டிய இடம் நம் வீட்டு முற்றமே!