ஒரு நாட்டையே கூண்டில் ஏற்ற முடியுமா?

கேள்வி: தேக்கா சந்தைக்குப் போய்விட்டு ஜாலான் புசார் விளையாட்டரங்கம் வழியாகத்தான் வீட்டுக்கு நடப்பேன். ஜப்பானியர் காலத்தில் சீனர்களை அங்கேதான் அடைத்து வைத்தார்களாம். அதற்காக ஜப்பான் மீது ஏன் வழக்கு வரவில்லை?
- வாசகி, சிராங்கூன் சாலை

பதில்: அப்போது அதற்கான சட்டமும் இல்லை, சொல்லும் இல்லை. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. மூன்றே நாளில் 'சூக் சிங்' என்ற களையெடுப்பு தொடங்கியது. 18 முதல் 50 வயது வரையுள்ள சீன ஆண்களைச் சோதனை முகாம்களுக்கு வரவழைத்தார்கள். ஜாலான் புசார் அவற்றில் ஒன்று. தப்பியவர் முத்திரை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினர். மற்றவர்களை லாரியில் ஏற்றிச் சாங்கி, பொங்கோல் கடற்கரைகளில் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர் சுமார் 5,000 என்றது ஜப்பானியத் தரப்பு. 50,000 வரை என்றது சீனச் சமூகம்.

இனப்படுகொலையைக் குறிக்கும் 'ஜெனோசைட்' என்ற சொல்லைப் போலந்து யூத வழக்கறிஞர் ரஃபேல் லெம்கின் உருவாக்கி அச்சில் தந்தது 1944இல்தான். ஐ.நா.வின் இனப்படுகொலை உடன்படிக்கை 1948 டிசம்பர் 9 அன்று நிறைவேறியது. அதற்கு முன்பே, 1947இல், ஏழு ஜப்பானிய அதிகாரிகளை இங்கே விசாரித்து இருவருக்குத் தூக்குத் தண்டனை விதித்துவிட்டார்கள். அதுவும் போர்க்குற்ற வழக்கு. கூண்டில் நின்றவர்கள் ஆட்கள், நாடு அல்ல.

1962இல் சிக்லாப்பில் எலும்புகள் கிடைத்ததும் 'இரத்தக் கடனை' அடைக்கச் சொல்லிக் குரல் எழுந்தது. 1951 சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தத்தோடு கணக்குத் தீர்ந்தது என்றது ஜப்பான். கடைசியில் 1966இல் 5 கோடி வெள்ளி தர ஒப்புக்கொண்டது. அதில் பாதி மானியம், பாதி கடன்! மறு ஆண்டு பீச் ரோட்டில் எழுந்த நினைவுச் சின்னத்தில் தமிழிலும் எழுதியிருக்கிறது. அடுத்த முறை நின்று படியுங்கள்.

கேள்வி: இன்றாவது ஒரு நாட்டின் மீது வழக்குப் போட முடியுமா?
- வாசகர், பஃபலோ ரோடு

பதில்: முடியும். உடன்படிக்கையின் 9ஆவது விதி அதற்கு வழி தருகிறது. வழக்கு ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றத்துக்குப் போகும். செர்பியா மீது போஸ்னியா தொடுத்த வழக்கில் 2007இல் தீர்ப்பு வந்தது. ஸ்ரெப்ரெனிட்சா படுகொலையைச் செர்பியா செய்யவில்லை, ஆனால் தடுக்கத் தவறியது என்றார்கள் நீதிபதிகள். கையால் கொல்லாவிட்டாலும், தடுக்கக் கூடிய இடத்தில் இருந்துகொண்டு சும்மா இருப்பதும் நாட்டின் சட்டமீறலே என்று அன்று உறுதியானது.

ஆனால் இந்தக் கதவுக்குப் பூட்டும் உண்டு. 1995இல் உடன்படிக்கையில் சேர்ந்த சிங்கப்பூர், தன் சம்மதம் இல்லாமல் தன் மீதான வழக்கு அங்கே போகக் கூடாது என்று நிபந்தனை வைத்தது. இந்தியாவும் 1959இல் அப்படியே செய்தது. பூட்டியவருக்கும் அது இடைஞ்சல்தான்: அவர் வழக்குப் போட்டால் எதிராளியும் அதே நிபந்தனையைக் காட்டலாம். ரொஹிங்யாக்களுக்காக 2019இல் மியன்மார் மீது வழக்குத் தொடுத்தது, அகதிகளைச் சுமக்கும் வங்காளதேசம் அல்ல, ஆப்பிரிக்காவின் காம்பியா. வங்காளதேசமும் நிபந்தனை வைத்த நாடுதான்.

தமிழ் வாசகர்கள் அடுத்துக் கேட்கப்போவது தெரியும். இலங்கை 1950இல் சேர்ந்தது. 9ஆவது விதிக்கு அது எந்த நிபந்தனையும் வைக்கவில்லை.