பால் ‘கோ ஆஃப்’ என்றால் கொட்டுங்கள், அலாரம் ‘கோ ஆஃப்’ என்றால் எழுந்திருங்கள்

நம் வீடுகளில் ‘ஆஃப்’ என்ற சொல்லுக்கு ஒரே வேலைதான். ஃபேனை ஆஃப் பண்ணு, மோட்டார் ஆஃப் ஆயிடுச்சா பாரு, அவன் போன் ஆஃப்ல இருக்கு. ஓடுவது நின்றால் ஆஃப். பேரக்குழந்தைகளைக் கவனித்துக்கொள்ள இங்கிலாந்துக்குப் போகும் பெற்றோர், படிக்கப் போகும் பிள்ளைகள், முதியோர் இல்லங்களில் வேலைக்குப் போகும் செவிலியர் என எல்லோரும் இந்தப் பொருளைத்தான் மனத்தில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுகிறார்கள். அங்கே சமையலறையிலும் மாடிப்படியிலும் வேலையிடத்திலும் ‘கோ ஆஃப்’ என்ற தொடர் ஓயாமல் காதில் விழும். பல நேரம் அதற்கு ‘நின்றது’ என்ற பொருளே இருக்காது. சில இடங்களில் நேர் எதிரான பொருள். தீ எச்சரிக்கை மணியைப் பற்றிய பேச்சில் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் இந்தக் குறிப்புகள்.

1. எது ‘கோ ஆஃப்’ ஆனது என்று முதலில் பாருங்கள். ‘ஆஃப்’ அடிப்படையில் விலகிப் போவதைச் சொல்லும் சொல். குண்டு துப்பாக்கியை விட்டு விலகுகிறது, எனவே துப்பாக்கி வெடித்தது. பால் தன் நல்ல நிலையை விட்டு விலகுகிறது, எனவே கெட்டது. மின்சாரம் வீட்டை விட்டு விலகுகிறது, எனவே நின்றது. மனம் ஓர் உணவை விட்டு விலகுகிறது, எனவே பிடிக்காமல் போனது. அகராதியில் இருக்கும் பொருள்களை எல்லாம் உருப்போடுவதைவிட இந்த ஒன்றைப் பிடித்துக்கொள்வது மேல். சும்மா காத்திருக்கும் பொருள் என்றால் செயல்படத் தொடங்கிவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் பொருள் என்றால் நின்றுவிட்டது. சாப்பிடும் பொருள் என்றால் கெட்டுவிட்டது.

2. பாலைக் கையில் எடுத்து முகர்ந்து, முகத்தைச் சுளித்து, “திஸ் மில்க் ஹாஸ் கான் ஆஃப்” என்றால் பால் திரிந்துவிட்டது என்று பொருள். மீன், இறைச்சி, முட்டை, கிரீம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நம் ‘ஊசிப்போச்சு’ என்பதற்கு இவ்வளவு நெருக்கமான ஆங்கிலத் தொடர் வேறில்லை. நேற்றைய சாம்பார் ஊசிப்போய்விட்டதா? “தி சாம்பார் ஹாஸ் கான் ஆஃப்” என்று தயங்காமல் சொல்லலாம். காய்ந்து விறைத்த ரொட்டிக்கு மட்டும் ‘ஸ்டேல்’ என்பார்கள், பூஞ்சை பிடித்ததற்கு ‘மோல்டி’. அமெரிக்காவில் பாலுக்கு ‘கான் பேட்’ என்பதே பெருவழக்கு.

தோசை மாவு விஷயத்தில் கவனம் தேவை. மாவு புளித்திருக்கிறது என்பது நமக்கு நல்ல செய்தி. அதைப் பக்கத்து வீட்டு ஆங்கிலேயரிடம் ‘கான் ஆஃப்’ என்று சொல்லிவிட்டால், குப்பையில் போட வேண்டியதை அவருக்குத் தோசையாக வார்த்துத் தருகிறோம் என்றாகிவிடும். புளித்த மாவுக்கு ‘ஃபெர்மென்டட்’ என்று சொல்லுங்கள். புளிப்பு ஏறிப்போயிருந்தால் ‘டூ சவர்’ போதும்.

3. “ஹாஸ் இட் கான் ஆஃப்?” என்று யாராவது கேட்டால் மூக்கை மட்டும் நம்பிப் பதில் சொல்லாதீர்கள். பிரிட்டனில் உணவுப் பொட்டலங்களின் மேல் இரண்டு வகைத் தேதிகள் இருக்கும். ‘பெஸ்ட் பிஃபோர்’ என்பது சுவைக்கும் தரத்துக்குமான தேதி. அது தாண்டினாலும் பார்த்து, முகர்ந்து, நன்றாக இருந்தால் சாப்பிடலாம். ‘யூஸ் பை’ என்பது பாதுகாப்புக்கான தேதி. அது தாண்டியதை வாசனை நன்றாக இருந்தாலும் சாப்பிடக் கூடாது. நோயைத் தரும் கிருமிகள் எல்லாமே நாற்றத்தை உண்டாக்குவதில்லை. மோரிசன்ஸ் கடைகள் 2022 ஜனவரியில் தங்கள் சொந்தப் பெயரில் விற்கும் பாலில் 90 சதவீதத்துக்கு ‘யூஸ் பை’ தேதியை எடுத்துவிட்டு ‘பெஸ்ட் பிஃபோர்’ போடப்போவதாக அறிவித்தன. பாலை முகர்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள் என்று வாடிக்கையாளர்களிடமும் சொன்னார்கள். நம் அம்மாக்கள் காலம் காலமாகச் செய்துவந்ததுதான். ஆனால் இறைச்சிக்கும் மீனுக்கும் அந்தச் சலுகை கிடையாது. ஃப்ரிட்ஜின் வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்கட்டும்.

4. “மை அலாரம் வென்ட் ஆஃப், தட்ஸ் வை ஐயம் லேட்” என்று மேலாளரிடம் சொல்லிவிடாதீர்கள். அலாரம் அடித்தது, அதனால்தான் தாமதம் என்று நீங்களே சொல்வதாக ஆகும். அலாரம் அடிக்கவில்லை என்றால் “மை அலாரம் டிடின்ட் கோ ஆஃப்”. அடிக்கும் அலாரத்தை நிறுத்துவது ‘டர்ன் ஆஃப்’. “வென் இட் கோஸ் ஆஃப், டர்ன் இட் ஆஃப்” என்று ஒரே வாக்கியத்தில் இரண்டு ‘ஆஃப்’பும் வரும். முன்னது தொடங்கியதைச் சொல்கிறது, பின்னது நிறுத்தச் சொல்கிறது. இந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

5. புகை அலாரம். இந்தக் குறிப்பை வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். இங்கிலாந்தில் வாடகைக்கு விடும் வீடுகளில் ஒவ்வொரு தளத்திலும் புகை அலாரம் இருக்க வேண்டும் என்ற விதி 2015 அக்டோபர் 1-ஆம் தேதி தனியார் வாடகை வீடுகளுக்கு வந்தது. 2022 அக்டோபர் 1 முதல் சமூக வீட்டுவசதி வீடுகளுக்கும் விரிந்தது. பல அடுக்ககங்களிலும் விடுதிகளிலும் “இஃப் தி அலாரம் கோஸ் ஆஃப், லீவ் தி பில்டிங்” என்பதுபோல் எழுதி ஒட்டியிருப்பார்கள். அலாரம் ஒலித்தால் கட்டடத்தை விட்டு வெளியேறுங்கள் என்பதே அதன் பொருள். அலாரம் அணைந்தால் என்று படித்துவிட்டு, ஒலிக்கும் மணிக்கு நடுவே அறைக்குள் உட்கார்ந்திருக்கக் கூடாது. வெளியே வந்த பிறகு 999-ஐ அழையுங்கள். பாஸ்போர்ட்டை எடுக்க உள்ளே திரும்பிப் போகாதீர்கள்.

நம் சமையலுக்கும் இந்த அலாரத்துக்கும் ஆகாது. காய்ந்த எண்ணெயில் கடுகும் மிளகாய் வற்றலும் விழுந்தால் போதும், கத்த ஆரம்பித்துவிடும். அப்போது வீட்டுக்காரர் கேட்கும் கேள்வி, “வாட் செட் இட் ஆஃப்?” எது அதைக் கிளப்பிவிட்டது என்று கேட்கிறார். தானாக ஒலித்ததைச் சொல்ல ‘கோ ஆஃப்’, ஒலிக்கக் காரணமாக இருந்ததைச் சொல்ல ‘செட் ஆஃப்’. தாளிக்கும் முன் புகைபோக்கியைப் போட்டு, சன்னலைத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்திவிடுங்கள். தொல்லை தாங்காமல் பேட்டரியைக் கழற்றுவதும் அலாரத்தின் மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டுவதும் சிலர் செய்கிற வேலை. தயவுசெய்து வேண்டாம். சமையலறைக்குப் புகையை அல்லாமல் வெப்பத்தை உணரும் அலாரம் இருக்கிறது. அதை மாட்டித் தரும்படி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். மாதம் ஒருமுறையாவது பொத்தானை அழுத்தி வேலை செய்கிறதா என்று பாருங்கள். விட்டுவிட்டு ‘கீச்’ என்று ஒற்றை ஒலி மட்டும் வந்தால் அது ‘கோ ஆஃப்’ அல்ல, பெரும்பாலும் பேட்டரி தீரப்போகிறது. அதற்கு “இட்ஸ் சிர்ப்பிங்” என்பார்கள்.

6. பாய்லர் இருக்கும் பல வீடுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் இருக்கும். நிறமும் மணமும் இல்லாத வாயு அது. இந்த அலாரம் ‘கோ ஆஃப்’ ஆனால் எரியும் கருவிகளை நிறுத்தி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து, எரிவாயு அவசர எண்ணான 0800 111 999-ஐ அழையுங்கள். தலைவலியோ மயக்கமோ இருந்தால் 999.

7. விளக்கு, மின்சாரம், ஹீட்டர் ஆகியவற்றுக்கு நம் பழைய பொருள் அப்படியே பொருந்தும். “தி பவர்ஸ் கான் ஆஃப்” என்றால் கரண்ட் போய்விட்டது. “தி ஹீட்டிங் கோஸ் ஆஃப் அட் டென்” என்றால் பத்து மணிக்கு ஹீட்டர் தானாக நின்றுவிடும். போர்வையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் தெருவிளக்கும் பக்கத்து வீடும் எரிகின்றனவா என்று எட்டிப் பாருங்கள். உங்கள் வீட்டில் மட்டும் இருட்டு என்றால் ஃபியூஸ் பெட்டியில் ஏதோ ஒரு சுவிட்ச் கீழே விழுந்திருக்கும். தெருவே இருட்டு என்றால் 105-ஐ அழைக்கலாம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் கட்டணமில்லாத எண். மெழுகுவர்த்தியும் அகல்விளக்கும் அணைந்தால் ‘கோ ஆஃப்’ என்று சொல்லக் கூடாது. தீயும் சுடரும் ‘கோ அவுட்’ ஆகும்.

8. பட்டாசு ‘கோ ஆஃப்’ என்றால் வெடித்தது. நமத்துப்போன பட்டாசு ‘டிடின்ட் கோ ஆஃப்’. பிரிட்டனில் நவம்பர் 5 இரவு ஊரெங்கும் வாணவேடிக்கை. 1605-இல் நாடாளுமன்றத்தைத் தகர்க்க அதன் அடியில் 36 பீப்பாய் வெடிமருந்தை அடுக்கிவைத்துக் காவலிருந்த கை ஃபாக்ஸ் பிடிபட்ட நாள் அது. அந்த மருந்து கடைசிவரை வெடிக்கவில்லை: “தி கன்பவுடர் நெவர் வென்ட் ஆஃப்”. தீபாவளிக்கும் சரி, அங்கேயும் சரி, திரி கொளுத்தியும் வெடிக்காத பட்டாசின் அருகில் திரும்பிப் போகாதீர்கள்.

9. எடின்பரோவுக்குப் போனால் இந்தத் தொடரைக் காதாலேயே கேட்கலாம். கோட்டையிலிருந்து பகல் ஒரு மணிக்குப் பீரங்கி ‘கோஸ் ஆஃப்’. 1861-இல் தொடங்கிய வழக்கம். ஃபோர்த் முகத்துவாரத்தில் நிற்கும் கப்பல்கள் தங்கள் கடிகாரங்களைச் சரிசெய்துகொள்ள உண்டானது. பனிமூட்டத்தில் கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டாலும் வெடிச் சத்தம் காதுக்கு எட்டும் அல்லவா! ஞாயிற்றுக்கிழமை சுடுவதில்லை. கைக்குழந்தையோடு போகிறவர்கள் ஒரு மணிக்கு முன்பே சற்றுத் தள்ளி நின்றுகொள்வது நல்லது.

10. “யுவர் போன் இஸ் கோயிங் ஆஃப்” என்றால் உங்கள் போன் அடிக்கிறது. சார்ஜ் தீர்ந்து அணையப்போகிறது என்று பொருள் அல்ல. தேர்வறையிலோ பிரார்த்தனைக் கூடத்திலோ இப்படி யாராவது சொன்னால் உடனே ஒலியை அடக்குங்கள். 2023 ஏப்ரல் 23, ஞாயிறு பிற்பகல் 3 மணிக்கு பிரிட்டன் அரசு அவசர எச்சரிக்கை முறையைச் சோதித்தபோது நாடெங்கும் போன்கள் சைரன் போல ஒலித்து அதிர்ந்தன. போன்கள் ‘வென்ட் ஆஃப்’ என்றுதான் அதைச் சொன்னார்கள்.

11. “தி ஃபிஷ் ஹாஸ் கான் ஆஃப்” என்றால் மீன் கெட்டுவிட்டது. “ஐ ஹாவ் கான் ஆஃப் ஃபிஷ்” என்றால் மீன் நன்றாகத்தான் இருக்கிறது, எனக்குத்தான் முன்போலப் பிடிக்கவில்லை. மசக்கையில் டீ வாசனையே ஆகாமல் போகிற பெண் “ஐ ஹாவ் கான் ஆஃப் டீ” என்பாள். ஒருவர் மீதிருந்த அன்பு குறைந்ததற்கும் இதுவே: “ஷீஸ் கான் ஆஃப் ஹிம்”.

முதியோர் இல்லத்திலோ மருத்துவமனையிலோ வேலை செய்பவர்கள் இதன் கிளையான இன்னொரு தொடரை மறக்கக் கூடாது. “ஹீஸ் ஆஃப் ஹிஸ் ஃபுட்” என்று ஒரு முதியவரைப் பற்றி உடன் வேலை செய்பவர் சொன்னால், அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை, பசியில்லை என்று அர்த்தம். சாப்பாடு கெட்டுவிட்டது என்று புரிந்துகொண்டு தட்டை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டால் ஒரு நோயின் முதல் அறிகுறி கவனிக்கப்படாமல் போகலாம். எவ்வளவு சாப்பிட்டார், தண்ணீர் குடித்தாரா என்று பதிவேட்டில் எழுதி, பொறுப்புச் செவிலியரிடமும் நேரில் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், வேலைக்குப் போகும் முன் கற்க வேண்டிய தொடர்களில் இதற்கே முதலிடம்.

12. பேரக்குழந்தையைத் தூங்கவைக்கும்போது மருமகன் வாசலில் நின்று மெதுவாக “ஹாஸ் ஷீ கான் ஆஃப்?” என்று கேட்டால், தூங்கிவிட்டாளா என்று கேட்கிறார். ‘கான் ஆஃப் டு ஸ்லீப்’ என்பதன் சுருக்கம். ஆம் என்று தலையாட்டினால் போதும்.

13. “ஹீஸ் கான் ஆஃப் டு தி ஷாப்ஸ்” என்றால் கடைக்குக் கிளம்பிப் போய்விட்டார். “சம்வன்ஸ் கான் ஆஃப் வித் மை அம்ப்ரெல்லா” என்றால் என் குடையை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். விழா நல்லபடியாக நடந்தது என்பதற்கு “இட் வென்ட் ஆஃப் வெல்” என்று நம் ஊரிலும் சொல்கிறோம், அது அங்கேயும் செல்லும். ‘வென்ட் ஆஃப் ஆன் ஒன்’ என்றால் ஒருவர் கோபத்தில் பொரிந்து தள்ளிவிட்டார். நண்பர்களிடம் பேசலாம், அலுவலகக் கடிதத்தில் எழுத வேண்டாம்.

14. பேசும்போது நாம் அதிகம் தவறுவது ஓரிடத்தில்தான். விளக்கு, அலாரம் போன்றவற்றில் ‘கோ ஆஃப்’ தானாக நடப்பது, நாம் செய்வது அல்ல. “ஐ வென்ட் ஆஃப் தி லைட்” என்று சொன்னால் எனக்கு விளக்கு பிடிக்காமல் போனது என்றாகும். நான் அணைத்தேன் என்றால் “ஐ டர்ன்ட் ஆஃப் தி லைட்”. பால் இப்போதுதான் கெட ஆரம்பித்திருக்கிறது என்றால் “இட்ஸ் கோயிங் ஆஃப்”. முழுக்கக் கெட்டுவிட்டால் “இட்ஸ் கான் ஆஃப்”.

15. அவசர எண்ணை அழைத்துப் பேசும்போது இந்தத் தொடரையே தொட வேண்டாம். பதற்றத்தில் எது எந்தப் பொருள் என்று நாக்குக்குத் தெரியாது. “தி ஸ்மோக் அலாரம் இஸ் ரிங்கிங்”, “தேர் இஸ் எ ஃபயர்”, “வீ ஹாவ் நோ எலக்ட்ரிசிட்டி” என்று நேராகச் சொல்லுங்கள். எதிர்முனையில் இருப்பவர் ‘கோ ஆஃப்’ என்று சொல்லி உங்களுக்குச் சந்தேகம் வந்தால், “டு யூ மீன் இட் ஸ்டார்ட்டட், ஆர் இட் ஸ்டாப்ட்?” என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியை ஒரு தாளில் எழுதி, 999, 105 ஆகிய எண்களோடு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.