அண்மைக் கோப்புகளின் பட்டியல்

ஜார்ஜ்டவுன் லிட்டல் இந்தியாவில் அச்சுப் பிரதி எடுத்துத் தரும் ஒரு கடைக்கு மாணவி ஒருத்தி செல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். உபகாரச் சம்பள விண்ணப்பத்தை அவள் விரலியில் கொண்டுவந்திருக்கிறாள். கடைக் கணினியில் கோப்பைத் திறந்து அச்சிட்டபின் விரலியைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறாள். அடுத்து வருபவர் வோர்டு மென்பொருளைத் திறக்கிறார். அண்மைக் கோப்புகளின் பட்டியலில் முதல் வரியாக அவளுடைய கோப்பின் பெயர் நிற்கிறது. அதைச் சொடுக்கினால் கோப்பு திறக்காது. அது விரலியோடு போய்விட்டது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

பெயர்தானே என்று விட்டுவிடலாமா? விண்ணப்பக் கோப்புக்கு முழுப்பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் சேர்த்துப் பெயரிடுவோர் பலர். அந்த எண்ணின் 12 இலக்கங்களில் முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைக் குறிக்கும். அடுத்த இரண்டும் பிறந்த இடத்தைக் குறிக்கும். 07 என்றால் பினாங்கு. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். கோப்பைத் திறக்காமலேயே முன்பின் அறியாத ஒருவருக்கு இவ்வளவும் தெரிந்துவிடுகிறது.

வேலையை எளிதாக்கவே இந்தப் பட்டியல் உருவானது. 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95, கடைசியாகத் திறந்த 15 ஆவணங்களைத் தொடக்கப் பட்டியிலேயே காட்டியது. பட்டியலில் இருப்பவை கோப்புகள் அல்ல. கோப்பு இருக்கும் இடத்தைச் சுட்டும் குறுக்குவழிகளே. எனவே, பட்டியலை அழிப்பதால் கோப்பு அழிந்துவிடாது. இது தெரியாமல் பட்டியலைத் தொடவே அஞ்சுபவர்கள் உண்டு.

வீட்டுக் கணினியில் இப்பட்டியல் நல்ல துணை. எஸ்.பி.எம். மாணவர் தினமும் திறக்கும் குறிப்புக் கோப்பின் அருகில் உள்ள குண்டூசிக் குறியைச் சொடுக்கினால், அது எப்போதும் மேலேயே நிற்கும். வோர்டில் எத்தனை பெயர்கள் தோன்ற வேண்டும் என்பதையும் 0 முதல் 50 வரை நாமே முடிவு செய்யலாம். 0 என்று இட்டால் பட்டியலில் எதுவும் தோன்றாது.

விண்டோஸ் 11இல் ‘செட்டிங்ஸ்’, ‘பர்சனலைசேஷன்’, ‘ஸ்டார்ட்’ என வரிசையாகச் சென்றால், அண்மைக் கோப்புகளைக் காட்டும் வசதியை அடியோடு நிறுத்திவிடலாம். ஆனால், கடையிலோ பள்ளிக் கணினிக்கூடத்திலோ பிறருடைய அமைப்பை மாற்றுவது முறையன்று. அங்கே நம் கோப்பின் பெயர்மீது சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தி, அந்த ஒன்றை மட்டும் பட்டியலிலிருந்து நீக்கினால் போதும். வோர்டு வைத்திருக்கும் பட்டியல் வேறு, விண்டோஸ் வைத்திருக்கும் பட்டியல் வேறு. ஆகவே, இரண்டையும் பார்க்க வேண்டும்.

கோப்பை மின்னஞ்சலிலிருந்து இறக்கி அச்சிட்டிருந்தால் நிலைமை வேறு. அப்போது கோப்பே ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையில் கிடக்கும். அதை அங்கிருந்து அழித்தாலும் முதலில் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். அங்கிருந்தும் நீக்கிய பிறகே கடையைவிட்டுக் கிளம்பலாம்.