மஜ்ஜை மாற்றி வீடு திரும்பியவருக்கு: கைகொடுக்கும் குறிப்புகள்

ரத்தப் புற்றுநோய்க்கு மஜ்ஜை மாற்று, அதாவது ஸ்டெம் செல் மாற்று என்றதும் பலருக்கு வேலூர் சி.எம்.சி. நினைவுக்கு வரும். அங்கே 1986-லேயே இந்தச் சிகிச்சை தொடங்கிவிட்டது. அங்கிருந்து நம் ஊர் அச்சன்புதூருக்குத் திரும்பிய பிறகு முக்கால்வாசி வேலை நம் கையில்தான்.

1. மாற்றுக்கு இனிமேல் போகிறவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை: உடன்பிறந்தவர் முழுசாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். பொருந்தாவிட்டால் கலங்க வேண்டாம், அப்பா, அம்மா, பிள்ளைகளின் பாதிப் பொருத்தத்திலும் இப்போது செய்கிறார்கள்.

2. பொதிகை எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் எடுக்கும் முன் ஆஸ்பத்திரியில் ரயில் சலுகைப் படிவம் வாங்கிக்கொள்ளுங்கள். சிகிச்சைக்குப் போய்வர ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏ.சி.யிலும் நோயாளிக்கு அடிப்படைக் கட்டணமே இல்லை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் குறையும்.

3. சுவருக்கு வெள்ளையடிப்பதெல்லாம் அவர் வருவதற்கு முன்பே முடியட்டும். சாரல் மாதங்களில் சுவரில் பூக்கும் பூஞ்சை நமக்கு ஒன்றும் செய்யாது, அவர் நுரையீரலுக்கு ஆகவே ஆகாது. வீட்டில் பீடி சுற்றுகிறவர்கள் பீடித் தட்டையும் தூள் மூட்டையையும் பக்கத்து வீட்டுத் திண்ணைக்கு மாற்றிவிடுங்கள், சில மாதம்தானே!

4. ஆவி பறக்கும் இட்லி, இடியாப்பம், குழைந்த சோறு, நன்றாக வெந்த முட்டை: செலவும் குறைவு, பயமும் இல்லை. பழைய சோறும் காலையில் அரைத்து மதியம்வரை வைத்த தேங்காய்ச் சட்னியும் வேண்டாம், கொஞ்சமாக அரைத்து உடனே பரிமாறுங்கள். பார்டர் கடைப் புரோட்டாவுக்கு நாக்கு ஏங்கத்தான் செய்யும், டாக்டர் சரி சொல்லும்வரை வீட்டிலேயே சுட்டுக் கொடுங்கள்.

5. தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, ஆறியதும் மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரத்தில் வையுங்கள். அவருக்கென்று தனி டம்ளர் இருந்தால் கழுவுவதும் லேசு.

6. டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் சாப்பிடுகிறவருக்கு பம்பளிமாஸ் பழம் கூடாது, மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். அளவு பார்க்க ரத்தம் கொடுக்கும் நாளில் காலை மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், ரத்தம் எடுத்த பிறகுதான் விழுங்க வேண்டும். முதலில் விழுங்கிவிட்டால் பஸ் செலவும் டெஸ்ட் காசும் தண்டம்.

7. ஸ்டெம் செல் கொடுத்தவரின் ரத்த குரூப் வேறு என்றால் நாளடைவில் நோயாளியின் குரூப்பும் அதுவாகவே மாறிவிடும். ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் பழைய குரூப், புதிய குரூப், மாற்று நடந்த தேதி, டாக்டர் நம்பர் எழுதி வையுங்கள். 'கதிர்வீச்சு செய்த ரத்தம் மட்டும்' என்று டாக்டர் சொல்லியிருந்தால் அதையும் சிவப்பு மையில் எழுதுங்கள்.

8. வெயிலில் போனால் குடை, முழுக்கைச் சட்டை. சுள்ளென்ற வெயில் பட்டால் புதிய செல்கள் தோலோடு சண்டை போடும் தொந்தரவு கிளம்பலாம். குற்றாலக் குளியலும் ஆற்றுக் குளியலும் இப்போதைக்கு இல்லை.

9. சின்ன வயதில் போட்ட தடுப்பூசியின் பலன் பெரும்பாலும் போய்விடும். மறுபடி எப்போது என்று டாக்டரிடம் கேட்டு காலண்டரில் குறித்துவிடுங்கள். வீட்டில் மற்றவர்கள் ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டால் அதுவே அவருக்கு வேலி.

10. தெர்மாமீட்டர் தலைமாட்டிலேயே இருக்கட்டும். 100.4 டிகிரி தொட்டால் கஷாயம், பாரசிட்டமால் என்று விடியும்வரை பார்க்காதீர்கள், நடுராத்திரி ஆனாலும் டாக்டருக்குப் போன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். இந்த ஒன்றில் மட்டும் சிக்கனம் வேண்டவே வேண்டாம்.

11. சொந்தத்தில் யாரும் பொருந்தாமல் காத்திருப்பவர்கள் நிறைய. சென்னையில் 2009-ல் தொடங்கிய தாத்ரி என்ற ஸ்டெம் செல் கொடையாளர் பதிவேட்டில் கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவிக் கொடுத்தாலே பெயர் சேர்ந்துவிடும். பொருத்தம் வந்தால் பெரும்பாலும் சில நாள் ஊசி போட்டு, பிளேட்லெட் எடுப்பது போலக் கை நரம்பிலிருந்துதான் எடுப்பார்கள். உங்கள் வீட்டு இளவட்டங்களிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.