குருளையின் தனித்துயில்

நாய்க்குட்டியொன்றை வீட்டிற்குக் கொணர்ந்த முதலிரவில் அவ்வீட்டார் நன்கு உறங்குதல் அரிது. பகலெல்லாம் காலைச் சுற்றியோடி மகிழ்வித்த சிற்றுயிர் விளக்கணைந்ததும் ஓலமிடத் தொடங்குகின்றது. ஒருவர் இரங்கித் தூக்குகின்றார். ஒருவர் சினந்து அதட்டுகின்றார். அயலார் மறுநாட் காலையில் வந்து முறையிடுகின்றனர். இவ்வாறு சில இரவுகள் கழிந்தபின், "இது நமக்கு ஆகாது" என முடிவு செய்து, குட்டியைச் சாக்கிலிட்டுச் சந்தைப்புறத்திலோ ஆற்றோரத்திலோ விட்டு வருவாரும் உளர். அங்ஙனம் வீடிழந்த குட்டி பசிக்கும் நோய்க்கும் வாகனத்திற்கும் இரையாகின்றது. ஆதலின் இஃது உறக்கம் பற்றிய சிறு செய்தியன்று. ஓர் உயிரின் வாழ்வு பற்றியது. இக்கட்டுரையில் யாம் கூற விழைவது ஒன்றே: குட்டியின் இரவழுகை பிடிவாதமன்று, அச்சம். தனித்திருத்தல் தண்டனையால் வருவதன்று. படிப்படியாகக் கற்பிக்கவேண்டிய பாடம்.

தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கன் இளமைக்கும் குருளை என்னும் பெயரை வகுத்துள்ளது. நட்பாராயப் புகுந்த நாலடியார், பலநாட் பழகியும் பாகனையே கொல்லும் யானையையும், தன் உடம்பில் வேல் தைத்திருக்கும்போதும் வால் குழைக்கும் நாயையும் எதிரெதிர் நிறுத்தி, நாயனையார் நட்பே கொள்ளத்தக்கதென்று கூறுகின்றது. மகாவலி கங்கையில் யானைகள் நீராடுவதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டுவந்த கட்டுகஸ்தோட்டை மக்களுக்கு இவ்வுவமையின் அருமை எளிதில் விளங்கும். பாரதத்திலோ தருமன் தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுச் சுவர்க்கம் புக மறுக்கின்றான். நாயின் அன்பை இங்ஙனம் போற்றிய நாம், ஒன்றை மறத்தலாகாது: வேல் தைத்தபோதும் வால் குழைக்கும் அன்பும், நள்ளிரவில் கதவைப் பிராண்டி ஓலமிடும் அன்பும் ஒன்றே.

இவ்வழுகையின் காரணத்தை ஆராய்வோம். பிறந்த குருளைக்குத் தன் உடற்சூட்டைத் தானே காக்கும் ஆற்றல் இல்லை. தாயின் வயிற்றோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் ஒட்டிக் கிடந்தே அது குளிரை வெல்லுகின்றது. தாயைவிட்டு விலகிய குட்டி கத்துகின்றது. தாய் தேடி வருகின்றது. எனவே அக்குரல் அதன் உயிர்க்காவல். எட்டு வாரங்கள் உடலோடு உடல் சேர்ந்து உறங்கிய குட்டியைத் திடீரென வேற்று வீட்டின் இருண்ட மூலையில் விடின், அது முன்போலவே தாயை அழைக்கின்றது. அதற்குத் தெரிந்த மொழி அஃதொன்றே.

அறிஞர் ஆய்வுகளும் இதனை வலியுறுத்துகின்றன. அமெரிக்காவின் பார் ஹார்பர் என்னும் ஊரிலுள்ள ஆய்வுகூடத்தில் ஸ்கொட், புல்லர் என்னும் இருவர் நாய்களின் நடத்தையைப் பல்லாண்டு ஆராய்ந்து 1965ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டனர். மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே நாய் பிற உயிர்களோடு உறவு பூணும் சிறப்புக் காலமென அவர்கள் கண்டனர். தனியே விடப்பட்ட குட்டி பழகிய இடத்தைவிடப் பழகா இடத்தில் மிகுதியாக ஓலமிடும் என்பதும் அவ்வாய்வுகூடத்தில் அறியப்பட்டது. குழந்தைகள் தாயைப் பிரிவதால் எய்தும் துன்பத்தை ஜோன் போல்பி என்னும் ஆங்கில மருத்துவர் 1951ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்திற்கு அளித்த அறிக்கையில் விரித்துரைத்தார். குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பை அறிய மேரி எயின்ஸ்வோத் வகுத்த சோதனையை, ஹங்கேரி நாட்டு ஆய்வாளர் நாய்க்கும் அதனை வளர்ப்பாருக்கும் பொருத்திப் பார்த்து 1998ஆம் ஆண்டில் முடிபுகளை வெளியிட்டனர். வளர்ப்பவர் அருகிலிருக்கும்போது நாய் துணிந்து விளையாடுகின்றது. அவர் வெளியேறியதும் வாயிலருகே நின்று காத்திருக்கின்றது. அச்சமற்றிருப்பதற்கு அதற்கு ஒருவர் வேண்டும் என்பதே இதன் பொருள்.

அங்ஙனமாயின் வாழ்நாள் முழுவதும் அதனைப் படுக்கையிற் கிடத்துவதோ எனின், அன்று. ஆசிரிய கலாசாலையில் யாம் பயின்ற முதல் விதிகள் இரண்டு: அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க, எளியதிலிருந்து அரியதற்குச் செல்க. குருளை அறிந்தது அண்மை, அறியாதது தனிமை. ஆகவே பாடம் அண்மையிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

முதலாவது, படுக்கும் இடம். அளவான மரப்பெட்டி அல்லது அட்டைப்பெட்டியில் மடித்த சாக்கு விரித்து, வளர்ப்பவர் உடுத்துக் கழித்த பழஞ் சாரம் ஒன்றை அதன்மேல் இடுக. அதன் மணம் குட்டிக்கு ஆறுதல் தரும். மார்கழி, தை மாதங்களின் குளிரில் துணி சுற்றிய சுடுநீர்ப் போத்தலை ஒரு பக்கத்தில் மட்டும் வைக்கலாம். வெப்பம் மிகின் குட்டி விலகிக்கொள்ள மறுபக்கத்தில் இடம் வேண்டும். பகலில் உணவையும் விளையாட்டுப் பொருளையும் அப்பெட்டியிலேயே கொடுத்து வருக. உணவோடு சேர்ந்து கேட்ட ஓசை பின்னர் உணவின்றியே நாயின் வாயூறச் செய்யும் எனப் பவ்லோவ் காட்டினாரன்றோ? அதுபோல் இன்பத்தோடு சேர்ந்த பெட்டி, பின்னர்த் தானே இன்பமாகும். பெட்டியில் அடைத்துத் தண்டித்தாலோ, அதுவே அச்சமாகும்.

இரண்டாவது, இரவொழுங்கு. கடைசி உணவை உறங்குவதற்குச் சில மணி நேரம் முன்னரே அளித்து, படுக்குமுன் வெளியே கொண்டுசென்று கழிவு நீக்கச் செய்க. இளங்குட்டியால் இரவு முழுவதும் சிறுநீரை அடக்கவியலாது. இடையில் ஒருமுறையேனும் எழுந்து வெளியே கொண்டுசெல்ல வேண்டிவரும். அப்போது பேச்சும் விளையாட்டும் வேண்டா. காரியம் முடிந்ததும் மீண்டும் பெட்டியில் விடுக.

மூன்றாவது, இடமாற்றம். முதற் சில இரவுகளில் பெட்டி கட்டிலருகே, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். குட்டி முனகினால் கையைத் தொங்கவிட்டால் போதும், தூக்க வேண்டியதில்லை. அமைதியாக உறங்கிய இரவுகள் சில கழிந்தபின் பெட்டியைக் கட்டிலின் கால்மாட்டிற்கும், பின் அறைவாயிலுக்கும், பின் திறந்த கதவின் அப்புறத்திற்கும், இறுதியில் கூடத்திற்கும் நகர்த்துக. ஓரிடத்தில் அழுகை மிகுமாயின் முந்திய இடத்திற்கு ஓரிரவு திரும்புக. கணக்கில் இடறிய மாணவனை முந்திய பயிற்சிக்கு மீட்பதனை எவரும் தோல்வி என்னார்.

நான்காவது, பகற்பயிற்சி. பகலெல்லாம் மடியில் வைத்திருந்து இரவில் மட்டும் தனிமையை எதிர்பார்த்தல் முறையன்று. கதவுக்கு அப்பால் ஒரு நொடி சென்று, குட்டி அழுமுன் மீள்க. பின் ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், கால்மணி நேரம் என நீட்டுக. சென்றவர் மீள்வர் என்னும் நம்பிக்கையே இப்பாடத்தின் உயிர்நிலை.

ஐந்தாவது, வீட்டார் ஒற்றுமை. தந்தை அதட்ட, தாய் தூக்க, பிள்ளை பிஸ்கற்று ஊட்டினால் குட்டி எதனைக் கற்கும்? முனகல் சிறிதாயின் சற்றுப் பொறுத்துச் செவிகொடுக்க. பெரும்பாலும் தானே அடங்கும். நடுக்கமும் மூச்சிரைப்பும் கூடிய அலறலாயின் உடனே அருகிற் செல்க. அஃது அச்சத்தின் குரல். ஒருமணி நேரம் அலறவிட்டுப் பின் தூக்குதல் இரண்டிலும் கெட்டது. நெடிது அலறினால் பயன் கிட்டும் என்பதை நாமே கற்பித்தவராவோம்.

எம்மிடம் பயிலும் மாணவர் ஒருவரின் வீட்டில் ஒன்பது வாரக் குட்டியொன்று இரவெல்லாம் கத்தியது. நான்காம் நாள் அதனை எங்கேனும் விட்டுவிட வீட்டார் துணிந்தனர். மாணவர் கண்கலங்கி எம்மிடம் வந்தார். பதினான்கு இரவுகள் தவணை தருமாறு அவர் தந்தையாரை வேண்டினோம், அவரும் இசைந்தார். மாணவரின் பாய்க்கருகே பெட்டி வைக்கப்பட்டது. முதலிரவு இருமுறை முனகல், மூன்றாமிரவு அமைதி. ஆறாம் நாள் பெட்டி வாயிலை அடைந்தது. எட்டாமிரவு மாத்தளை வழியில் சென்ற புகைவண்டியின் ஓசைக்கு அஞ்சி அலறவே, பெட்டி மீண்டும் பாயருகே வந்தது. பதினான்காமிரவு அது கூடத்தை அடையவில்லை, வாயிலில்தான் இருந்தது. எனினும் தந்தையார் தவணையைப் பற்றிப் பேசவேயில்லை. மூன்றாம் வார முடிவில் குட்டி கூடத்தில் தனித்துறங்கிற்று.

இனிச் சில எச்சரிக்கைகள். எட்டு வாரத்திற்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தல் தகாது. புத்தாண்டு, தீபாவளி போன்ற வெடியோசை மிக்க நாட்களில் இப்பாடத்தைத் தொடங்கற்க. இளங்குட்டியை இரவில் முற்றத்திற் கட்டிவைத்தலும் தீது; மலைநாட்டுத் தோட்டப்புறங்களில் சிறுத்தை நாயைக் கவர்ந்து செல்வதும் உண்டு. வாந்தி, கழிச்சல், உணவில் வெறுப்பு ஆகியவற்றோடு வரும் அழுகை தனிமையின் அழுகையன்று. உடனே மிருக வைத்தியரை நாடுக. வளர்ந்த பின்னும் தனித்திருக்கும்போதெல்லாம் வாய்நீர் ஒழுக்கிக் கதவைக் கடித்துத் தன்னைப் புண்படுத்தும் நாய்க்கும் மருத்துவ உதவி வேண்டும். மகாவலியின் கரையிலேயே, நமக்கு அணித்தாய்ப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடம் இருத்தல் நம் பேறாகும். விசர்நோய்த் தடுப்பூசியையும் வைத்தியர் குறிக்கும் காலத்தில் தவறாது இடுக.

விடுதியில் வாழ்ந்த பழைய மாணவர் தம் முதலிரவை மறந்திரார். தலையணையில் முகம் புதைத்த அவர்களை உறங்கச் செய்தது பிரம்பன்று. அடுத்த கட்டிலிலிருந்து கேட்ட ஒரு குரலும், விளக்கேந்தி வந்து நின்ற ஆசிரியரின் காலடியோசையுமேயாம். நாளடைவில் அக்காலடி வாராதபோதும் அவர்கள் உறங்கினர். துணை நின்று துணையின்றி நிற்கச் செய்தலே கல்வி. அது மாணாக்கர்க்கு ஆண்டுகளைக் கேட்கின்றது. குருளைக்குச் சில வாரங்களையே கேட்கின்றது. அவ்வளவு பொறுமை நம்மிடம் இருப்பின், ஒரு குட்டியேனும் சாக்கிலேறாது தப்பும்.